எவர்சில்வர் டிரம்முக்குப் பின்னால்

எங்கள் சந்தாபுரா வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்! இங்கே வருவது உப்பு போர்வெல் தண்ணீர். நுரையே வராது. அதனால் முன்பக்கக் கதவு வைத்த எங்கள் வாஷிங் மெஷினில், சோப்புத் தூளோடு இரண்டு கரண்டி சலவை சோடாவையும் கொட்டுவேன். உள்ளே இருப்பது எவர்சில்வர் டிரம், எதையும் தாங்கும் என்று அப்படி ஒரு நம்பிக்கை! ஒரு வாரமாகக் கேட்ட 'கடகட' சத்தத்தைக்கூட ஏதோ சட்டைப் பட்டன் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு, துணி பிழியும் வேகத்தில் 'டமார்!' டிரம் கதவுக் கண்ணாடியில் இடிக்க, மெஷின் என்னை நோக்கி நடந்தே வந்தது! பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் மெக்கானிக் சலீம் பாய் டிரம்மைக் கழற்றி, அதைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கைச் சட்டத்தைத் தொட்டார். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது!

"டிரம் எவர்சில்வர்தான்க்கா. அதைப் புடிச்சிட்டிருக்கிறது அலுமினியம். அலுமினியக் குண்டான்ல சோடாவ ஊற வைப்பீங்களா?"

"ஐயோ, கறுத்து ஓட்டையாயிடுமே பாய்!" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

புதுச் சட்டம் போட்டாயிற்று. இப்போது சோடா கிடையாது, சோப்புத் தூளும் அளவாகத்தான். துவைத்ததும் கதவைத் திறந்து ஈரம் காய விடுகிறேன். உதிர்ந்த துண்டு ஒன்று சோப்பு டப்பா மூடிமேல் உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தாமல் டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியைத் தொட முடியாது!

- ஜெயந்தி, சந்தாபுரா