தூணோரம் உட்கார்ந்திருந்த மிஷேல் அண்ணன்

நேற்று ரூம்மேட் லேப்டாப்பில் நான் நடித்த படம் ஓடியது. ஊரைப் பிடித்த ராணுவம் மேலே பூட்ஸ் சத்தத்தோடு நடக்க, ஜனங்கள் நிலவறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போர்ப் படம். பின்வரிசையில் அழுக்குப் போர்வைக்குள் இருப்பது நான்தான். சிரிக்காதீங்க பாஸ்.

அந்த நிலவறை, தட்டாஞ்சாவடியில் மூடிப்போன பிளாஸ்டிக் கம்பெனி ஷெட்டுக்குள் பிளைவுட்டில் போட்ட செட். உருகின பிளாஸ்டிக் வாடையும் லாந்தர் புகையும் இன்னும் மூக்கில் இருக்கிறது. காலேஜ் லீவில் முத்தியால்பேட்டைப் பசங்கள் கும்பலாகப் போனோம். எந்த நாட்டுப் போர் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பயப்படச் சொன்னார்கள், பயந்தோம்.

உப்பளத்திலிருந்து மிஷேல் அண்ணன் வருவார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளத்துக்காரர் வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். ஆட்டோ ஓட்டினாலும் அவருக்கு நடிப்புதான் உயிர். செட்டில் தூணோரம்தான் அவர் இடம். எங்கள் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் ஒரு வசனம். டீ குடிக்கும்போதும் அதையே முணுமுணுப்பார்.

போனை வாசலில் சாக்கில் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். அப்படியும் செட் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. சாயங்காலத்துக்குள் போட்டோ எடுத்த ஆள் யாரென்று தெரியாவிட்டால் எல்லாரையும் அனுப்பிவிட்டுச் சென்னையிலிருந்து ஆள் இறக்குவேன் என்றார் அசிஸ்டென்ட் டைரக்டர்.

அதற்கப்புறம் பாத்ரூம் போனவன் ஏன் லேட்டாக வருகிறான் என்பதுகூடப் பிரச்சனையானது. பிரான்சிலிருந்து வந்த கேமராமேனோடு மிஷேல் அண்ணன் பிரெஞ்சில் பேசிச் சிரித்தது எங்கள் பசங்களில் சேகர் கண்ணில் பட்டது.

"நமக்குப் புரியாத பாஷைல இன்னாத்துக்குடா சிரிக்கிறாரு?"

அவ்வளவுதான். போட்டோ எடுத்தது அண்ணன்தான் என்று பெயர் அசிஸ்டென்ட் டைரக்டர் வரை போய்விட்டது. அண்ணன் போர்வையை மடித்து வைத்தார். "அவங்க ஊரு மழைய பத்திச் சொன்னான்பா. சிரிச்சேன்" என்றார். சாக்கிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பிப் போய்விட்டார்.

மறுநாளும் வாட்ஸ்அப்பில் புதுசாக ஒரு செட் போட்டோ வந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணனின் வசனத்தைச் சேகர் பேசினான். நன்றாகவே பேசினான், முன்பே மனப்பாடம் செய்தவன் மாதிரி.

இப்போது அந்த ஷெட் இல்லை, அங்கே கார் ஷோரூம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பும் கலைந்துவிட்டது. உப்பளத்தில் ஆட்டோ ஏறும்போதெல்லாம் டிரைவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை.

நேற்று ரூம்மேட் படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"மச்சான், தூணோரம் ஒரு ஆளு குந்தினு இருந்தாருல்ல? ஆர்மி இன்னும் உள்ளயே வரல. அப்பறம் அவரு எப்படிடா காணாமப் போனாரு?"