தண்ணீரில் மூழ்கும் ஐஸ்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. காலை பத்தரைக்கு அண்ணன் தூத்துக்குடியிலிருந்து அழைத்தான். மீன்பிடித் துறைமுகத்தில் அவனுக்கு ஐஸ் கடை. அவன் தங்கை நான் வெளியூரில், ஆய்வகத்தில் இருந்தேன்.
2. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்றான். படகுகளுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் சுற்றி நிற்பது சத்தத்திலேயே தெரிந்தது.
3. ஒரு கேள்வி கேட்டான்.
4. நான் சரியான பதிலைச் சொன்னேன்.

நான்காவதை மாற்ற முடிந்தால் மாற்றுவேன்.

என் வேலை இதுதான். ஒரு சிறிய உலோகக் கலத்துக்குள் எதிரெதிராக இரண்டு வைரங்கள். அவற்றின் முனைகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு துளித் தண்ணீர். திருகாணிகளை முடுக்கினால் அழுத்தம் ஏறும். காற்றழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு வரும்போது, அறையின் சூட்டிலேயே அந்தத் தண்ணீர் ஐஸாகிறது. இன்னும் முடுக்கினால் வேறு வகை ஐஸாக மாறும். அழுத்தம் போதுமானால் அது கொதிநீரின் சூட்டிலும் உருகாது. இந்த ஐஸ்களெல்லாம் தண்ணீரைவிடக் கனமானவை. மிதக்காது.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது இதை அண்ணனிடம் சொன்னேன். ஐஸ் மிதப்பதை மட்டுமே பார்த்தவன், இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னான். பிறகு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். யாரும் நம்பவில்லை. அதனால்தான் அந்த அழைப்பு.

"ஏளா, நீ செய்யுத ஐஸு தண்ணில முங்குமா, முங்காதா? இவனுவகிட்ட ஒரே வார்த்தையில சொல்லு."

"அப்படிப் பொதுவாச் சொல்ல முடியாதுண்ணே. அது வெளிய எடுக்குத ஐஸு இல்ல. அழுத்தத்தக் கொறச்சா ஒடனே தண்ணியாயிரும். நீ விக்குத ஐஸு மிதக்கத்தான் செய்யும்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஏலே, வெளிய எடுக்க முடியாத ஐஸாம்லா. ஒங்கடைக்கு எப்ப வரும்?" என்றது.

"எனக்கு ரெண்டு பாரு ஐஸு சொல்லி வையி. பெட்டியத் தொறக்காமலே கடலுக்குக் கொண்டுபோறேன்," என்றது இன்னொன்று.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். "சரிளா, நீ வேலயப் பாரு," என்று வைத்துவிட்டான்.

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனால் அவன் கேட்டது நான் செய்யும் ஐஸைப் பற்றி. அதற்கு முந்தைய வாரம்தான், கலத்தை நிமிர்த்தி வைத்து, ஒரு படிகம் மெதுவாக அடியில் போய் உட்காருவதை நுண்ணோக்கியில் பார்த்திருந்தேன். முங்கும் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகாது.

துல்லியத்துக்காகச் சொன்னேன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. பக்கத்து மேசையில் என் ஆய்வு நெறியாளர் இருந்தார். அவர் காதில் விழும்படி, துறைமுக இரைச்சலுக்கு நடுவே என் வேலையைப் பற்றிப் பந்தயம் போல ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாலையில் படிகம் மூழ்கும் வீடியோவை அனுப்பினேன். மறுநாள், கடையில் காட்டினாயா என்று கேட்டேன். "வேல கெடந்துச்சு," என்றான்.

இப்போதும் ஞாயிறுதோறும் பூசை முடிந்து அழைக்கிறான். சாப்பாடு, ரயில் டிக்கெட், அம்மாவின் மாத்திரை எல்லாம் பேசுகிறோம். ஐஸைப் பற்றி அவன் கேட்பதில்லை. நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.