கண்ணைச் சிமிட்டச் சொன்னவர்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். அவர் காலமான பிறகு எனக்கு வரும் பென்ஷன் நிற்காமலிருக்க, நான் உயிரோடு இருப்பதை வருடாவருடம் காட்ட வேண்டும். அதற்கு உதவவென்றே விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் ஆபீஸ் வாசலில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் உட்கார்ந்திருப்பார். முறுக்கு மீசை, கசங்காத சட்டை, ரப்பர் செருப்பு. யாருக்கு வேலை முடிந்தாலும் விறைப்பாக எழுந்து ஒரு சல்யூட் வைப்பார்.

மல்லாட்டைக் கடலை உரித்துத் தேய்ந்த என் கைரேகை மெஷினில் விழவில்லை. அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் பயந்துபோய் அங்காளம்மாவை நினைத்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இது கற்பூரம் இல்லம்மா, கேமரா. கண்ண மூடிக்கினு இருந்தா உசுரோட இருக்கீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெறந்து சிமிட்டுங்க.”

“இத்தினி பேர் எதிர்ல ஆம்பளயப் பாத்துக் கண்ணடிக்கிறதா?”

“என்னப் பாக்காதீங்க. கவர்மெண்டப் பாத்து அடிங்க.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்ததில் கண் தானாகச் சிமிட்டியது. போனில் பச்சை விழுந்தது.

“உசுரோடதான் இருக்கீங்கம்மா,” என்று எழுந்து சல்யூட் வைத்தார்.

அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலில் அந்த மீசைக்காரருக்காக அர்ச்சனைக்கு நின்றேன். பூசாரி பேர் கேட்டபோதுதான், அதைக் கேட்டுக்கொள்ளாமல் வந்தது உறைத்தது. அம்மனுக்குத் தெரியாத ஆளா என்று, சன்னதிக்கு நேரே விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்துக் காட்டினேன்.