சித்திரையில் பின்னிய கம்பளி

சித்திரை வெயிலில் மடியில் கம்பளி நூல் உருண்டையுடன் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்வையில் நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டது. எதிரே என் பெரியப்பா மகள், நான் அக்கா என்று அழைப்பவள், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், ஆவணியில் கல்யாணம். அந்தக் குளிரில் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்ள, சோமனூரிலிருந்து பஸ் ஏறி உக்கடத்தில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்தேன். போகவா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அக்காவும் கனடாவுக்கு வாழப் போனவள்தான். ஒரு வருடத்தில் தனியாகத் திரும்பிவிட்டாள். குளிர் ஒத்துக்கவில்லை, குடித்தனம் பண்ணத் தெரியவில்லை என்று உறவில் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா அவளை வாசலுக்குக்கூட விடுவதில்லை. "இவளாட்ட நீயும் திரும்பி வந்துபோடாதே அம்மிணி, நல்லாக் கத்துக்க" என்பார், அவள் காதில் விழும்படியே.

ஆனால் அக்காவுக்குத் தெரியாத வேலை இல்லை. அங்கே இட்லி மாவு லேசில் பொங்காது, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்க வேண்டும் என்றாள். ரொட்டி மாவு பிசைந்தாள். காலுறையில் குதிகால் வளைவு எப்படிப் பின்னுவது என்று காட்டினாள். குடித்தனம் தெரியாதவள் என்று இவளையா சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், "அங்க போனதும் கோட்டு வாங்கித் தருவாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு தந்தாரு கண்ணு. வேலைக்குப் போறப்ப அதையும் பூட்ஸையும் காருல போட்டு எடுத்துட்டுப் போயிருவாரு. பனியில அது இல்லாம வெளிய கால் வெக்க முடியாது. கதவைப் பூட்டோணும்னே இல்ல."

"அப்பறம் எப்புடிக்கா வந்தீங்க?"

"பழைய ஸ்வெட்டரையெல்லாம் பிரிச்சு, ரெண்டு நூலாச் சேத்திப் பெருசா ஒண்ணு பின்னுனேன். கேட்டா, உங்களுக்குத்தானுங்கன்னு சொன்னேன். கால்ல சாக்ஸுக்கு மேல சாக்ஸு, அதுக்கு மேல பிளாஸ்டிக் பை. பக்கத்து ஊடு வரைக்கும் நடந்து போய்க் கதவைத் தட்டுனேன்."

"பெரியம்மாகிட்டச் சொல்லலையா?"

"சொன்னேன். அனுசரிச்சுப் போயிருக்கோணும்னாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். சுற்றிலும் எல்லோரும் இருக்க, "ஊட்டுச் சாவி எனக்கு ஒண்ணு இருக்குங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உனக்கெதுக்குச் சாவி? நானில்லாம நீ எங்க போகப்போறே?" பிரியமாகத்தான் சொன்னாரோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். நான் வெளியே போவதும் நின்றது. பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். சமையலறையில் ஒரு நாள் அம்மா காரணம் கேட்டாள். அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியவள், மத்தியானம் அக்காவோடு வந்து நின்றாள்.

"இவளை எதுக்குக் கூட்டியாந்தே?" என்று அப்பா எழுந்தார்.

"ஏனுங்க, புள்ள பசியோட வந்திருக்குதுங்க. சாப்புடட்டுங்க" என்றாள் அம்மா. அப்பாவிடம் அவள் அப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

பின்னாளில் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்து, தனியாக வீடு எடுத்துக்கொண்டாள். எனக்கு மறக்காமல் இருப்பது அவள் வந்த மறுநாள் காலை. "சின்னம்மா, கடை வரைக்கும் போயிட்டு வரட்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதையெல்லாமா கேப்பாங்க? போயிட்டு வா கண்ணு" என்றாள் அம்மா.

வெகுநேரம் கழித்து வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. என்ன வாங்கப் போனாய் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.