தெரியுது, தெரியும்

அந்தக் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. பின்புறம் ரோஜாப்பூ படம். வெயிலை அதில் பிடித்து, தொலைவில் உள்ள டவரை நோக்கி அசைப்பேன். அங்கே நிற்கும் இன்ஜினியர் மேடத்துக்கு அது மின்னுவது தெரிந்தால் நடுவில் மறைப்பு இல்லை என்று பொருள். பிறகுதான் ஆன்டெனாவைக் கம்பத்தில் முடுக்குவேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு சிறிய இன்டர்நெட் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. கேபிள் போகாத ஊர்களுக்கு ரேடியோ அலையில் இணைப்புக் கொடுத்தோம்.

மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நான் ஐந்தாவதோடு நின்றவன். படித்தவர்கள் முன்னால் கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒருநாள் வேனில் போகும்போது அவராகவே சொன்னார்: “ஷேர் ஆட்டோல பாட்டு போட்டுட்டுப் போனா வீட்டுக்குள்ள என்ன கேக்குது? டொம் டொம் மட்டும்தானே? கீச்சுக் குரல் செவுத்தோட நின்னுடும். ரேடியோவும் அப்படித்தாண்ணா. கம்மி ஃப்ரீக்வென்சி மரத்தையெல்லாம் தாண்டிப் போயிடும். அது பெரிய கம்பெனிங்க கையில. நமக்குக் கிடைச்சது கீச்சுக் குரல். நடுவுல இலை இருந்தாலே அதைக் குடிச்சிடும்.”

கோவளத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே ஒரு அக்கா, தையல் மிஷின்களை விற்றுவிட்டு, முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் தொடங்கினார். நான் கண்ணாடியோடு மாடி ஏறியதைப் பார்த்து, “இன்னாண்ணா, பொண்ணு பாக்கப் போறியா?” என்று சிரித்தார். மாடியிலிருந்து டவர் நன்றாகத் தெரிந்தது. நடுவே இருந்த நிலத்தில் சவுக்குக் கன்று நட்டிருந்தார்கள், இடுப்பளவு. டவரிலிருந்து பார்த்த மேடத்துக்கு அது ஏதோ பச்சை வயல். என் அப்பா சவுக்கு வெட்டப் போனவர். மூன்று வருஷத்தில் அது எவ்வளவு உயரம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

போனில் மேடம் கேட்டார்: “அண்ணா, டவர் தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

அவ்வளவுதான் கேட்டார், அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் அன்று, அக்கா போன் செய்தார். நானும் மேடமும் போனபோது அறை நிறையப் பிள்ளைகள், கையில் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு. ரிசல்ட் பக்கம் திரையில் பாதி வந்து நின்றிருந்தது. “அக்கா, உன் கம்ப்யூட்டரே ஃபெயிலு போல கீது!” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கோவளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அக்கா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாடியில் எங்கள் ஆன்டெனாவுக்கு நேராகச் சவுக்கு நுனிகள் காற்றில் ஆடின. இதற்கு மேல் உயரக் கம்பத்தை அந்தக் கூரை தாங்காது.

“இது இவ்ளோ சீக்கிரம் வளரும்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“தெரியும் மேடம்.”

“அப்ப அன்னிக்கு ஏன் தெரியுதுன்னு மட்டும் சொன்னீங்க?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. படிக்கட்டில் அக்கா நின்றிருந்தார். “கழட்டிக்கினு போயிடுங்கண்ணா,” என்றார். கழற்றினேன்.

அந்தச் சவுக்கை எப்போதோ வெட்டிவிட்டார்கள். இப்போது அந்த ஊரில் எல்லோர் கை போனிலும் படம் ஓடுகிறது. அக்கா வீட்டு முன்னறையில் மறுபடி தையல் மிஷின் இருப்பதாகக் கேள்வி. கண்ணாடி என் வீட்டில் சவரத்துக்கு ஆணியில் தொங்குகிறது. காலை வெயில் அதில் பட்டு எதிர்ச்சுவரில் மின்னும்போது, எழுந்து போய் ரோஜாப்பூப் பக்கம் திருப்பிவிடுகிறேன்.