ஸ்டேஷனை மூடிய தம்பி

அண்ணன் ரயில் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்தார். படிப்பு ஏறிய தம்பி ரயில்வேயில் சேர்ந்து, நாலைந்து ஊர் சுற்றிவிட்டு, நாற்பதாவது வயதில் சொந்த ஊருக்கே ஸ்டேஷன் மாஸ்டராக வந்தார். அன்று காலை வண்டியில் வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் அண்ணன் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

ஒன்பது வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு ஊருக்குள் பஸ் வந்தது. வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு மைல் நடந்து ஸ்டேஷனுக்கு யார் வருவார்கள்? காலை வண்டிக்கு ஆறு பேர், மாலை வண்டிக்கு நாலு பேர் என்றானது.

ஏறி இறங்குகிறவர்களை ஒரு மாதம் எண்ணி எழுதி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எதற்கு என்று மாஸ்டருக்குத் தெரியும். கொஞ்சம் கூட்டி எழுதினால் நிலையம் இன்னும் சில வருடம் தாக்குப்பிடிக்கும். அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும்.

மூன்றாம் மாதம் மூடல் அறிவிப்பு சுவரில் ஏறியது. நிலையத்திலிருந்து அனுப்பிய கணக்கின்படி என்று அதில் இருந்தது. அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டு நேரே தம்பியின் அறைக்குப் போனார்.

"நீ எழுதினதாடா?"

"ஆமாண்ணே. உள்ளதத்தான் எழுதினேன்."

அண்ணன் திரும்பி வெளியே போனார். கடையைக் கட்டினார். ஐம்பது வயதுக்கு மேல், பஸ் நிலையத்தில் இன்னொருவர் கடையில் கிளாஸ் கழுவினார். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நிலையம் உரக் கிடங்கானது. தூர ஊருக்கு மாற்றலாகிப் போன மாஸ்டர் ஓய்வு பெற்றுத் திரும்பினார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பேச்சில்லை.

"நடுவுல நான்தான் தந்திக் கம்பி. எனக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?" என்று அண்ணி அலுத்துக்கொள்வார். மாஸ்டரின் மனைவி இறந்தபோது முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தவர் அண்ணன். தம்பியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

பேச்சு நின்ற பதினோராவது வருடம் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டது. வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு மாஸ்டர் கூடவே போனார். அண்ணன் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு நாள் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, பெஞ்சில் சாய்ந்தபடி அண்ணன் வாய் திறந்தார்.

"நீ எழுதினது தப்புன்னு நான் என்னைக்கும் நினைச்சதில்ல."

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசம்டா. தினம் என் கையால டீ வாங்கிக் குடிச்ச. ஒரு வார்த்தை சொன்னியா? ஊரோட சேர்ந்து நானும் சுவத்துல படிச்சேன்."

"எப்படிண்ணே சொல்றது. பயமா இருந்துச்சு."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

நர்ஸ் கூப்பிட்டாள். தம்பி கையைப் பிடித்துத் தூக்கிவிட, அண்ணன் எழுந்தார்.

அதன்பின் நாலு மாதம்தான் இருந்தார். அந்த நாலு மாதமும் அவர் கட்டிலருகே பேச்சு ஓயவில்லை. பாதிக்கு மேல் சண்டைதான் என்கிறார் அண்ணி.