பத்தாவது ஆடு

கொரோனா கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்த சமயம். மலேசியாவில் பத்து பாகாட் நகரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், நடந்தது இது. ஆடுகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் ஒரு நோயைப் பற்றி எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் நான் உதவியாளர். வீடு வீடாகப் போய் ஆடுகளின் கழுத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் ஏதாவது ஓர் ஆட்டுக்கு நோய் இருந்தால்தான் அந்த வீட்டு ஆட்களின் இரத்தத்தையும் சோதிப்போம்.

தமிழர் வீடென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். நம் ஆட்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒளிப்பானேன்.

அந்த வீட்டுப் பெண் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். துணி ஆலையில் ஷிஃப்ட் வேலை, மீதி நேரமெல்லாம் ஆடுகள். ஒன்பது ஆடுகளை அவளே பிடித்துக் கொடுத்தாள். பத்தாவது ஆடு சமையலறைக்குப் பின்னால் தனியாகக் கட்டியிருந்தது. கறுப்புப் பெட்டை, கழுத்தில் மஞ்சள் துணி. நான் ஊசியோடு நெருங்கியதும் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

“அக்கா, இத விட்டுருங்க லா. சினையா இருக்கு. ரெண்டு தடவ குட்டி செத்தே விழுந்துச்சு. இந்தத் தடவ உயிரோட பொறந்தா முனியாண்டிக்குத்தான்னு வேண்டிக்கிட்டேன். அதுவரைக்கும் ஊசி, கத்தி எதுவும் படக்கூடாது.”

எங்கள் வீட்டிலும் சாமிக்கு நேர்ந்துவிட்டதை யாரும் தொடமாட்டார்கள். நான் ஊசியைப் பையில் வைத்துவிட்டேன். படிவத்தில் ஆடுகள் ஒன்பது என்று எழுதினேன். பத்து என்று எழுதினால் பேராசிரியர் மீதி ஒன்று எங்கே என்று கேட்பார். அவர் மலாய்க்காரர், அவருக்கு வேண்டுதலும் முனியாண்டியும் எங்கே புரியப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கிளம்பும்போது உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அவள் சொன்னாள். நைட் ஷிஃப்ட் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு காரில் ஏறினேன். இரண்டு வாரம் கழித்து போன் போட்டு, ஆடெல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து அதே கம்பத்தில் வேறொரு வீட்டுக்குப் போன நான், அந்தப் பெண்ணையும் எட்டிப் பார்க்கலாமே என்று போனேன். கதவைத் திறந்தது யாரென்றே எனக்கு ஒரு நிமிடம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்வையாம். கிளினிக்கில் டெங்கியா என்று பார்த்து, அது இல்லையென்று பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆலையில் லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் வராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

குட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அதுவும் செத்துத்தான் விழுந்துச்சுக்கா. பாதியில சிக்கிக்கிச்சு, நான்தான் கையவிட்டு இழுத்தேன். போன ரெண்டு தடவையும் நான்தான்.”

ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறப்பதுதான் இந்த நோயின் முதல் அடையாளம். அந்தக் குட்டியை வெறுங்கையால் தொடுகிறவர்களுக்குத்தான் முதலில் ஒட்டும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இதைப் பாடம் மாதிரி ஒப்பிக்கிறவளே நான்தான். குட்டி இரண்டு தடவை செத்து விழுந்ததை முதல் நாளே அவள் தன் வாயால் சொன்னாள். எனக்கு வேண்டுதல் மட்டும்தான் காதில் விழுந்தது.

அங்கேயே உட்கார்ந்து, நான் செய்த தப்பை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஆட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதக் கொண்டுபோயிருவாங்களாக்கா?”

“நோய் இருந்தா கொண்டுபோயிருவாங்கமா.”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சரி. முனியாண்டிகிட்ட நான் பேசிக்கிறேன். உங்க ப்ரொபசர்கிட்ட நீங்க பேசுங்க. சீக்கிரமா பேசுங்கக்கா, எனக்கு முடியல.”

அவள் வீட்டு வாசலில் நின்றபடியே போன் போட்டேன். பேராசிரியர் கத்தவில்லை. அன்றே சொல்லியிருந்தால் குட்டி போடும்வரை ஆட்டை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் இரத்தத்தை மட்டும் எடுத்திருக்கலாமே என்றார். அவருக்குப் புரியாது என்று நினைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலையிலேயே அவரும் என்னோடு வந்தார்.

அந்த ஆட்டுக்கும் அவளுக்கும் நோய் இருந்தது. மற்ற ஒன்பதையும் மறுபடி சோதித்தோம், நல்லவேளையாக ஒன்றுமில்லை. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டாள். பேராசிரியர் ஆலைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்ததில் வேலையும் தப்பியது. கால்நடை இலாகா லோரி வந்த அன்று நானும் போயிருந்தேன். ஆட்டின் கழுத்திலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டு, லோரி போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு உள்ளே போய் எனக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். அதை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

இப்போதும் யாராவது இது நேர்ந்துவிட்ட ஆடு என்றால் நான் ஊசியைப் பையில் வைத்துவிடுகிறேன். ஆனால் எழுந்து போவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து, எதற்காக வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்கிறேன். டாக்டரிடம் சொல்லாத நோயைக்கூட நம் ஆட்கள் சாமியிடம் சொல்லியிருப்பார்கள் என்பதை அவள் பட்ட பாட்டில்தான் நான் கற்றுக்கொண்டேன்.